ஓட்டின்மேல் ஓலை

தொண்ணூறுகளின் நடுவில் எங்கள் வீட்டுக்கு இரண்டு கூரைகள் இருந்தன. அடியில் ஓடு, அதன்மேல் பனையோலை. எதற்கு இப்படி என்று கேட்டவர்களிடம் வெயிலுக்குக் குளிர்ச்சி என்று அப்பா சொல்லிவைத்திருந்தார். எவரும் நம்பவில்லை. அதே தெருவில் இன்னும் இரண்டு ஓட்டு வீடுகளுக்குத் திடீரென்று அதே குளிர்ச்சி தேவைப்பட்டிருந்தது.

வள்ளியூருக்குத் தெற்கே, மழை பெய்தால் மட்டும் விளையும் செவக்காடு எங்களுடையது. தாமிரபரணித் தண்ணீரை அப்பாவும் அம்மாவும் பார்ப்பது ஆற்றுப் பக்கத்து வயல்களுக்கு அறுப்புக் கூலிக்குப் போகும்போதுதான். எங்களுக்கென்று கடவுள் கொடுத்தது காற்று. ஆனி பிறந்தால் ஆரம்பிக்கும். சோற்றில் மண் விழும், ஓடு வருவதற்கு முன் வெறும் ஓலையாக இருந்த கூரையில் பாதியைப் பக்கத்துத் தெருவில் போய்ப் பொறுக்க வேண்டும். கூரையில் மிச்சமிருக்கும் பழைய ஓலைக்குள் தேள் குடியிருக்கும்.

அந்தத் தேளில் ஒன்றுதான் அக்காவின் முதல் பிள்ளையின் தொட்டிலில் விழுந்தது. தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு வந்தவள், பிள்ளையைக் கையில் ஏந்திக்கொண்டு வள்ளியூர் பஸ்ஸுக்கு நின்றாள். பஸ் வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. தச்சநல்லூரில் மச்சானின் ஒற்றை அறை வாடகை வீட்டுக்குத் திரும்பும்போது அக்கா அப்பாவிடம் ஒரே ஒரு வார்த்தைதான் சொன்னாள். "எப்பா, இனிமே இந்த ஓலைக்குக் கீழ வந்து நான் பிள்ளை பெறமாட்டேன்."

அடுத்த வருஷம் அவள் மறுபடி உண்டானாள். தெய்வச் செயலா, தரகனின் மூக்கா தெரியவில்லை, அதே சமயம் கரன்ட் எடுக்கிற காற்றாடிக்கு நிலம் கேட்டு ஆள் வந்தான். வெள்ளைச் சட்டை, அக்குளில் தோல் பை, வாய் நிறைய அண்ணாச்சி. "காத்து சும்மாதான அண்ணாச்சி போவுது. அதுக்கும் காசு தரோம்னு சொல்லுதாங்க. காத்தாடி வந்திட்டுன்னா உங்க ஊரு பூரா வெளிச்சம்லா" என்றான். அப்பா விலை பேசத் தெரியாதவர் இல்லை. பிரசவத்துக்கு முன்னால் வீட்டுக்கு ஓடு போட்டாக வேண்டும், அது தரகனுக்கும் தெரிந்திருந்தது. நிலம் போயிற்று, ஓடு வந்தது. ஓடு போட்ட அன்று அம்மா உள்ளே மல்லாந்து படுத்துக் கூரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் பகலில் படுத்து அதற்கு முன் நான் பார்த்ததில்லை.

அந்தச் சந்தோஷத்துக்கு ஆயுசு ஒரு வாரம். எங்கள் வீட்டில் எரிந்தது குடிசைகளுக்கு அரசாங்கம் இலவசமாகக் கொடுத்த ஒற்றை பல்பு. சட்டத்தில் என்ன எழுதியிருந்ததோ, எங்கள் ஊருக்கு வந்து சேர்ந்தது இப்படித்தான்: ஓலை என்றால் குடிசை, ஓடு என்றால் வசதியான வீடு. வசதியான வீட்டுக்கு எதற்கு இலவச விளக்கு? கோயில் தெருவில் ஓடு போட்ட ஒருவருக்கு வயரை அறுத்துவிட்டார்கள். காசு கட்டி வாங்கலாமே என்று சொல்வதற்கு வாய் இருந்தால் போதும். எழுதிப் போட்டு வருஷக்கணக்கில் காத்துக் கிடந்தவர்கள் எங்கள் தெருவிலேயே இருந்தார்கள். பச்சைப் பிள்ளை இருக்கப்போகிற வீடு. ராத்திரி எழுந்தால் தொட்டிலுக்குள் என்ன ஊர்கிறது என்று பார்க்க வெளிச்சம் வேண்டும். ஓட்டையும் விட முடியாது, விளக்கையும் விட முடியாது என்றுதான் அப்பா ஓட்டின்மேல் ஓலையைப் பரப்பிக் கயிற்றால் கட்டினார். ஏழையாக இருப்பது போதாது, ஏழையாகத் தெரியவும் வேண்டியிருந்தது.

நான் அப்போது பாளையங்கோட்டையில் விடுதியில் தங்கிப் பொருளாதாரம் படித்துக்கொண்டிருந்தேன். எங்கள் பேராசிரியர் வெளுத்த வேட்டியும் விபூதியுமாக வந்து, மேலே வளர்ச்சி பெருகினால் அது தானாகக் கீழே கசியும் என்று மணிக்கணக்கில் பேசுவார். எங்கள் வீட்டில் மேலேயிருந்து கசிந்து நான் பார்த்தது மழைத்தண்ணீர் மட்டும்தான். ஒருநாள் காற்றாடி நிறுவுகிற முதலாளிகளுக்கு அரசாங்கம் வரியில் தள்ளுபடி கொடுப்பதைப் பெருமையோடு விளக்கினார். நான் எழுந்து, "அவங்க வீட்டுக் கூரையைப் பாத்துட்டுத்தான் குடுப்பாங்களா சார்?" என்று கேட்டேன். வகுப்பு சிரித்தது. அவருக்குக் கேள்வியே புரியவில்லை. "உக்காரும்மா, இது பரீட்சைக்கு வராது" என்றார். அவர் சொன்னது சரி, வரவில்லை.

எங்கள் நிலத்தில் நின்ற காற்றாடியோ சில வாரம் சுற்றிவிட்டு நின்றுவிட்டது. உள்ளே ஏதோ பல்சக்கரம் போய்விட்டதாம். சரிசெய்ய ஒருவரும் வரவில்லை. தள்ளுபடி கிடைத்தாயிற்று, இனி சுற்றினால் என்ன, நின்றால் என்ன என்று அதன் காவலாளியே சிரித்தான். ஊரையே தூக்குகிற காற்றில் அது மட்டும் அசையாமல் நின்றது. அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குக் காறித் துப்பத் தோன்றும். நாலைந்து தடவை துப்பியும் இருக்கிறேன்.

ஆடியில் அக்கா நிறைவயிற்றோடு வந்து இறங்கினாள். நானும் அவளுக்காக விடுப்பு எடுத்து வந்திருந்தேன். வீட்டைப் பார்த்ததும் அவள் வாசலுக்கு எதிரே இருந்த உடைமரத்தடியில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

"ஏளா, உள்ள வா. கீழ ஓடுதான் போட்டிருக்கு" என்றார் அப்பா.

"மேல என்ன கெடக்கு?"

"அது கரன்ட் ஆபீஸ்காரனுக்கு."

"தேளு ஆபீஸ்காரனையாப்பா கேட்டுட்டு வரும்? ஓட்டு இடுக்கு வழியா இறங்காதா?"

அந்த வாரத்தில் அதிகாரி வந்து வீடுகளைப் பார்ப்பதாக இருந்தது, பார்த்துவிட்டுப் போனதும் ஓலையைப் பிரித்துவிடுவதாக அப்பா சத்தியம் செய்தார். அக்கா அதுவரை உள்ளே படுக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டாள். அந்தப் பேய்க்காற்றில், வாசலில், முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு கிடந்தாள். அம்மா பக்கத்திலேயே உட்கார்ந்து அப்பாவையும் அரசாங்கத்தையும் மாறி மாறி ஏசிக்கொண்டிருந்தாள்.

அதிகாரி வந்தார். கூடவே ஏணியைத் தூக்கிக்கொண்டு வயர்மேன். காற்று அன்றைக்கென்று பார்த்து ஒரு பக்கத்து ஓலையைக் கொத்தாகத் தூக்கிக் காட்டியது. அப்பா ஓடிப்போய்க் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றார், காளையை அடக்குகிறவரைப் போல. அடியில் ஓடு பளிச்சென்று தெரிந்தது.

அதிகாரி சிரித்தார். கோபப்பட்டிருந்தால்கூட மனுஷன் என்று மதித்திருப்பேன். "என்னவே, சட்டைக்கு மேல பனியன் போட்டிருக்கீரு?" என்று கேட்டுவிட்டு, வயர்மேனையும் சிரிக்கச் சொல்வது போலப் பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்தி, "சரி, பொம்பளைப் பிள்ளை மாசமா இருக்கா. நான் பாக்கல. ஓலையை நல்லா இறுக்கிக் கெட்டி வையும். வருஷா வருஷம் ஆள் வரும், அப்பவும் இப்படியே இருக்கணும். குடிசைன்னே எழுதிக்கிடுதேன்" என்றார். அப்பா ஒரு கையால் கயிற்றைப் பிடித்தபடி மறு கையை நெற்றிக்கு உயர்த்திக் கும்பிட்டார். அந்தக் கும்பிடு இன்றைக்கும் என் கண்ணைவிட்டுப் போகவில்லை. எனக்கு அப்போது அதிகாரிமேல் வந்த வெறுப்பில் பாதி அப்பாமேலும் வந்தது.

அக்கா எழுந்தாள். சுவரில் சாத்தியிருந்த தொரட்டியை எடுத்தாள், ஆட்டுக்கு உடைமரக் காய் பறிக்கிற நீளக் கம்பு. அதை ஓலையில் மாட்டி ஒரே இழுப்பு. காற்றும் கைகொடுத்தது. கயிறு அப்பாவின் கையைவிட்டுப் போக, ஓலை மொத்தமும் அதிகாரியின் காலடியில் சரிந்தது. அதிலிருந்து ஒரு தேள் வாலைத் தூக்கிக்கொண்டு ஓடியது. அதிகாரி ஒரு துள்ளுத் துள்ளிப் பின்னால் போய் நின்றார்.

"வருஷா வருஷம் இதுக்குக் கீழ பிள்ளையைப் போட முடியாது. வெளக்கை அத்துட்டுப் போங்க" என்றாள்.

அம்மா தடுக்கவில்லை. வயர்மேன் மட்டும் தயங்கித் தயங்கிக் கம்பத்தில் ஏறினான். அதிகாரி முகத்தைத் துடைத்துக்கொண்டு, இந்த வீடு வறுமையிலிருந்து வெளியே வந்துவிட்டது என்கிற மாதிரி ஏதோ எழுதிக்கொண்டு போனார். நாங்கள் முன்னேறிய விதம் இதுதான்.

பிள்ளை ஓட்டுக்கூரைக்குக் கீழேதான் பிறந்தது. ஆண்பிள்ளை. நர்ஸம்மா அரிக்கேன் விளக்கை அம்மாவின் கையில் கொடுத்து, கிட்டப் பிடி, கிட்டப் பிடி என்று சத்தம் போட்டுக்கொண்டே இருந்தாள். அக்காவுக்கு ஒன்றும் ஆகவில்லை, நல்லவேளை. ஆகியிருந்தால் அது எந்தக் கணக்கிலும் ஏறியிருக்காது.

ஒரு மாதம் கழித்துக் காற்றாடிக்குச் சொந்தக்காரர் முதல்முறையாக அதைப் பார்க்க வந்தார். பொழுது சாயும் நேரம். கூட நாலைந்து பேர். அண்ணாந்து பார்த்தார், படம் எடுத்துக்கொண்டார். அது சுற்றவில்லையே என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. போகிற வழியில் எங்கள் வாசலில் கார் நின்றது. குடிக்கத் தண்ணீர் கேட்டார். அக்கா செம்பில் மோந்து கொண்டுவந்து கொடுத்தாள்.

"பரவாயில்லையே, ஓட்டு வீடு. இந்தப் பக்கமெல்லாம் நல்லா முன்னேறிடுச்சு" என்று கூட வந்தவரிடம் சொன்னார். தண்ணீரைக் குடித்துக்கொண்டே வாசல்படி வழியாக உள்ளே எட்டிப் பார்த்தார். "ஏம்மா இப்படி இருட்டா வச்சிருக்கீங்க? கரன்ட் இழுக்கலையா?"

"இழுத்திருந்துச்சு" என்றாள் அக்கா. "நாங்க முன்னேறிட்டோம்னு அத்துட்டாங்க."

அவர் சிரிப்பதா வேண்டாமா என்று தெரியாமல் கூட வந்தவர்களைப் பார்த்தார். அவருடைய முதுகுக்குப் பின்னால், எங்கள் பழைய நிலத்தில், காற்றாடி அசையாமல் நின்றது. அக்கா கையை நீட்டினாள்.

"குடிச்சிட்டியள்னா செம்பைத் தாங்க. பிள்ளை இருட்டுல தனியா கெடக்கான்."