அருந்ததி கேற்றடியில் கேட்ட கேள்வி

அருந்ததியை ஏமாற்ற ஒருவன் இனிமேல்தான் பிறந்து வரவேண்டும் என்று புளியங்குளத்தில் சொல்வார்கள். மில்லுக்கு நெல் கொண்டுபோனால் மெசினை விட்டு அசையமாட்டாள். தவிடும் தன்னுடையதுதானா என்று அள்ளிப் பார்ப்பாள். கேற்றுக்கு இரண்டு பூட்டு. சொந்த அக்கா வந்து கூப்பிட்டாலும் யன்னலால் எட்டிப் பார்த்த பிறகுதான் திறப்பை எடுப்பாள். அப்பேர்ப்பட்ட மனுசி போயும் போயும் தர்சனிடம் ஏமாந்தாளே!

கணவர் காலமான பிறகு, ஏ9 வீதியோர வீட்டில் இரண்டு அறைகளைப் பயணிகளுக்கு விட்டாள். பக்கத்து வீட்டு ரியூசன் ரீச்சர் தேனுகா ஓர் இணையத்தளத்தில் வீட்டுக்கென்று பக்கம் போட்டுக் கொடுத்தாள். நீலக் கேற்றும் கிணறும் படத்தில் இருந்தன. தங்கிப் போனவர்கள் அவளுடைய புட்டைப் புகழ்ந்து நாலு வருசமாக எழுதி வைத்திருந்தார்கள். அந்தப் பக்கம்தான் அவளுக்குச் சோறு போட்டது. அது போனால் அவள் வாசலில் ஒரு வாகனமும் நிற்காது.

போன ஆடியில் விடுதிகளை நடத்திக் கொடுக்கும் 'நிழல்வாசல்' என்ற கம்பனியிலிருந்து தர்சன் வந்தான். பக்கத்தைத் தாங்களே நடத்துவார்களாம், ஆட்கள் வந்து குவிவார்களாம். அவனை மேலும் கீழும் பார்த்துவிட்டு, போருக்குப் பிறகு வன்னியில் முன்பின் தெரியாதவரிடம் எல்லோரும் கேட்பதையே அவளும் கேட்டாள்.

"தம்பி, இடம்பெயர்ந்து எங்க இருந்தனீங்கள்?"

"செட்டிகுளம் முகாம், அன்ரி. நாலாம் வலயம்."

அவளும் அதே அகதி முகாம், அதே நாலாம் வலயம். பிறகென்ன! தேத்தண்ணீர் வந்தது, கூடவே கடவுச்சொல்லும் வந்தது.

மூன்று மாதமாக ஒரு குருவிகூட எட்டிப் பார்க்கவில்லை. கேட்டால், "இப்ப சீசன் இல்லை அன்ரி" என்றான். வீதியிலோ வாகனம் ஓயவில்லை. அருந்ததிக்கு உள்ளுக்குள் அரிக்கத் தொடங்கியது. தேனுகாவைக் கூப்பிட்டுப் பக்கத்தைப் பார்க்கச் சொன்னாள்.

"அன்ரி, இந்த மாதம் முழுக்க உங்கட வீட்டில இடமில்லையாம்!"

"ஆர், பேயே வந்து படுக்குது?"

இரண்டாம் நாள் ஒரு வான் வந்து நின்றது. முன்பு இரண்டு தரம் தங்கிய கனடா ஐயாத்துரை இறங்கினார்.

"தங்கச்சி, உங்கட வீடெண்டுதான் பதிஞ்சனான். உங்கட குழாய் உடைஞ்சுபோச்சாம், தங்கட விடுதிக்கு வரட்டாம் எண்டு கம்பனிக்காரர் சொல்லினம். கிணத்தில அள்ளிக் குளிச்ச வீட்டில எந்தக் குழாய் உடைஞ்சதெண்டு பாக்கத்தான் வந்தனான்."

அருந்ததிக்கு உச்சியில் ஏறியது. தன் வீட்டைக் காட்டி ஆள் பிடித்து, வேறு வீட்டில் படுக்க வைக்கிறார்கள்! கம்பனிக்குப் போன் எடுத்தால் பூசி மெழுகினார்கள். கடவுச்சொல்லையும் மாற்றிவிட்டிருந்தார்கள்.

தேனுகா இணையத்தளத்துக்கே முறைப்பாடு எழுதினாள். வீடு உங்களுடையது என்று காட்டுங்கள் என்றார்கள். ஷெல்லடிக்குள்ளும் இடுப்போடு கட்டிக் கொண்டுவந்த பையைத் திறந்து காணிப் பெர்மிட்டை எடுத்தாள் அருந்ததி. அதைப் பிடித்துக்கொண்டு நீலக் கேற்றடியில் நின்று படமும் எடுத்து அனுப்பினாள். பத்தாம் நாள் பக்கம் கைக்கு வந்தது. புதுக் கடவுச்சொல் போடும்போது தேனுகாவைக்கூட மற்றப் பக்கம் திரும்பச் சொன்னாள்.

மறுநாளே தர்சன் கேற்றடியில் நின்றான்.

"அன்ரி, கம்பனி என்னைத்தான் ஏசுது. முறைப்பாட்டைத் திருப்பி எடுங்கோ."

முகாம் கதையும் பொய்யாகத்தான் இருக்கும், இன்றைக்குப் பிடித்துவிடலாம் என்று முற்றம் கூட்டும் தும்புத்தடியைக் கையில் எடுத்துக்கொண்டே கேட்டாள்.

"நாலாம் வலயத்தில தண்ணி வரிசையில என்னத்தை வைச்சு இடம் பிடிச்சவை?"

வாளி என்று சொல்லட்டும், இருக்கிறது அவனுக்கு!

"வாளி வைச்சால் களவு போயிடும் அன்ரி. கல்லுத்தான் வைக்கிறது. எங்கட கல்லில அம்மா சாந்துப்பொட்டு வைச்சு விட்டவா."

தும்புத்தடி கையில் அப்படியே நின்றது. பொய்யனாக இருந்திருந்தால் வாய்க்கு வந்தபடி ஏசிக் கலைத்துவிட்டு அவள் ஆறியிருப்பாள்.

"அங்க இருந்துமா எனக்கு இப்பிடிச் செய்ய உனக்கு மனம் வந்தது?"

அவள் இரண்டு பூட்டையும் பூட்டினாள். முறைப்பாட்டை எடுக்கவில்லை.

அந்தக் கிழமையே புதுக்குடியிருப்பிலிருந்து ஒரு குடும்பம் பதிந்துவிட்டு வந்தது. கேற்றடியில் நின்ற பெரியவர், கேட்காமலே தொடங்கினார்.

"தங்கச்சி, நாங்களும் செட்டிகுளத்தில..."

"அதெல்லாம் வேண்டாம் அண்ணை," என்றாள் அருந்ததி. "அடையாள அட்டையைக் காட்டுங்கோ."