அம்ஹாவின் பன்னிரண்டு மின்னஞ்சல்கள்

நம்பாதவர்கள் நம்ப வேண்டாம். இது என் கையால் நடந்தது. என் பெயர் ரஜிதன். எங்கே வந்து சத்தியம் பண்ணச் சொன்னாலும் பண்ணுவேன்.

2005 ஜனவரி. கல்முனையில் கடல் ஊருக்குள் வந்து பதினாறு நாள். காணாமல் போனவர்களைத் தேட ஒரு மின்னஞ்சல் குழு நடத்தினோம். வரும் அஞ்சல்களை இணையப் பக்கத்தில் பார்த்து அனுமதிப்பது என் வேலை. அந்தப் பாழாய்ப்போன பக்கம் தமிழைக் குதறிவைத்தது. சிலது கிறுக்கல். சிலது வெறும் கேள்விக்குறிகள். கேள்விக்குறிகளைக் குப்பை என்று ஒதுக்கினேன். நித்திரையும் இல்லை, பொறுமையும் இல்லை எனக்கு.

சீனிமுகம்மது காக்கா தினமும் வருவார். அவருடைய மனைவி சுபைறாவைக் காணவில்லை. ஏதும் வந்ததா என்று கேட்பார். இல்லை என்று எரிந்து விழுவேன்.

11ஆம் திகதி, முற்பகல் 11.40. பக்கத்தின் எழுத்துக் குறியீட்டை யுனிகோடுக்கு மாற்றினேன். கிறுக்கல்கள் தமிழாயின. அது சரி. ஆனால்... கேள்விக்குறிகளும் தமிழாயின.

அது நடக்காத காரியம். கேள்விக்குறியாகச் சேமித்தது அழிந்த எழுத்து. திரும்பவே திரும்பாது.

அவற்றில் அனுப்பியவர் முகவரி இல்லை. நேரம் காலை 9.05. காக்கா என் பக்கத்தில்தான் நின்றார். பத்தாம் திகதி வந்த கடைசி அஞ்சலை வாசித்துக் காட்டினேன்.

"வாப்பா, உம்மா ஆஸ்பத்திரியில கடைசிக் கட்டில்ல இரிக்கா. கதைக்க ஏலா. அவட பேர் ஒருத்தருக்கும் தெரியா. கெதியா வாங்க. அம்ஹா."

ஆஸ்பத்திரியின் பெயரும் இருந்தது. அதை இங்கே எழுத மாட்டேன்.

உங்கட மகளா என்று சந்தோஷமாகக் கேட்டேன். அவர் முகம் வெளுத்தது. அப்படியே ஓடினார்.

மற்றவற்றைத் திறந்தேன்.

மொத்தம் பன்னிரண்டு அஞ்சல்கள்.

எல்லாவற்றிலும் அதே செய்தி. நாளுக்கு ஒன்று, காலை 9.05.

முதலாவது... டிசம்பர் 30.

மூன்றாம் நாள் காக்கா வந்தார். சுபைறா அந்தக் கட்டிலில்தான் கிடந்தாராம். பத்தாம் திகதி இரவு மௌத்தாகிவிட்டாராம். உயிர் போகும்போது மகளாவது பக்கத்தில் இருந்தாளா என்று கேட்டேன்.

"அம்ஹாவ கடல் வந்த அண்டைக்குப் பின்னேரமே அடக்கிட்டன் தம்பி. இந்தக் கையாலதான்."

கணினித் திரையைக் காட்டிக் கேட்டார்.

"புள்ளட கடிதம் முதல் எப்ப வந்த?"

பன்னிரண்டு நாள் என்னிடம் கிடந்தது. அதை எப்படிச் சொல்வேன்?

"பத்தாந் திகதிதான் காக்கா."

"ஒரு நாள் பிந்திட்டேனே தம்பி" என்று என் தோளில் சாய்ந்து அழுதார். நான் அவரைத் திருத்தவில்லை.