மாமாவின் ‘ஓய்’

என் தாய்மாமனின் வயிற்றை டொக்டர் வெட்டிக்கொண்டிருந்தபோது மாமா விழித்துக்கொண்டுவிட்டார். இதை நம்பாத முதல் ஆள் அந்த டொக்டர். அடுத்தது என் ஐயா. பிறகு ஊர் முழுவதும். நான் மட்டும் நம்பினேன். எட்டு வயதில் எதையும் நம்பலாம்.

அந்த நாளில் குளோரோபோம் நனைத்த துணியை மூக்கில் வைத்துத்தான் மயக்குவார்கள். மாமாவுக்குக் குடல்வால் வீங்கிவிட்டதென்று அப்படித்தான் செய்தார்கள். பாதியில் நினைவு வந்துவிட்டது. இமை திறக்கவில்லை, நாக்குப் புரளவில்லை. கத்தி ஓடுவது மட்டும் நன்றாகத் தெரிந்ததாம். டொக்டரோ நேர்ஸிடம் கறுத்தக்கொழும்பான் மாம்பழத்தைப் பற்றிக் கதைத்துக்கொண்டு நின்றாராம்.

“நான் கனவு கண்டனானாம் எண்டு டொக்டர் சொல்லுறார். கனவிலை ஆரும் மாம்பழத்திலை நார் இருக்கோ எண்டு கேப்பினமோ?” என்று வருத்தம் பார்க்க வந்தவர்களிடமெல்லாம் மாமா முறையிட்டார். அவர்கள் விசுக்கோத்துப் பெட்டியை வைத்துவிட்டு, முகத்தைத் துக்கமாக்கிக்கொண்டு கேட்பார்கள்: “அது சரி தம்பி, அந்த மாம்பழம் எந்தச் சந்தையிலை வாங்கினதாம்?”

காயம் ஆறியது, மாமா ஆறவில்லை. மல்லாந்து படுக்க மாட்டார், கதிரையில் இருந்தபடியே தூங்குவார். சவரம் செய்ய வந்தவர் துணியைப் போர்த்தியதும், ஒரு கன்னத்துச் சோப்போடு கிணற்றடிக்கு ஓடிவிட்டார். இதெல்லாவற்றையும் விடப் பெரிய கூத்து அந்த ‘ஓய்’. தன் குரல் வெளியே கேட்கிறதா என்று சந்தேகம் வந்தால் போதும், கோயிலில் தீபாராதனை நேரமென்றாலும் “ஓய்!” என்று கத்துவார். யாராவது “ஓம், கேக்குது” என்று சொல்லும்வரை வேர்த்துக் கொட்டும். பெரியவர்களுக்கு அலுத்துப்போய், அந்த உத்தியோகம் என்னிடம் வந்து சேர்ந்தது. எனக்கு அதைப்போல ஒரு விளையாட்டுக் கிடையாது.

இதற்குள் கலியாணம் வந்துவிட்டது. பெண், தென்னோலைக் கிடுகு வேலிக்கு அடுத்த வளவில் இருந்த மாமாவின் மச்சாள். வேலியென்றால் கண்ணைத்தான் மறைக்கும், காதை மறைக்காது. மணவறைக்கு மேலே வெள்ளைத் துணி கட்டுவது எங்கள் வழக்கம். மாமா வேண்டவே வேண்டாமென்றார். ஆசுபத்திரியில் கடைசியாகக் கண்ணில் பட்டது வெள்ளைத் துணிதானாம்.

“வெள்ளை கட்டாமல் கலியாணமோ? மாப்பிளைக்கு மூளை பிசகி விசரெண்டு சொல்லிப்போட்டுப் பொம்பிளை வீட்டார் எழும்பிப் போயிடுவினம்,” என்று அம்மா அழுதார்.

“ஒரு கொஞ்ச நேரம் கண்ணை மூடிக்கொண்டு இருமன் மச்சான்,” என்றார் ஐயா. கண்ணை மூடுவதுதான் வருத்தமே என்பது அவருக்குக் கடைசிவரை விளங்கவில்லை.

வெள்ளை கட்டினார்கள். மாமா கத்தினால் மெதுவாகப் பதில் சொல்லச் சொல்லி, என்னை மணவறையோடு ஒட்டி இருத்தினார்கள். தாலி கட்டும் நேரம் ஐயரும் பெரியவர்களும் சுற்றி நின்று குனிந்தார்கள். மாமா அண்ணாந்து துணியைப் பார்த்தார். வாய் திறந்தது. நான் தயாராக இருந்தேன். சத்தம் வரவில்லை. தாலி பிடித்த கை அந்தரத்தில் நின்றது. மேளகாரர் ஐயரைப் பார்த்தார், ஐயர் என் ஐயாவைப் பார்த்தார். அம்மா பல்லைக் கடித்துக்கொண்டு நின்றார்.

குனிந்த தலை நிமிராமல் மணப்பெண் சொன்னார்: “ஓம். எனக்குக் கேக்குது.”

மாமா பெருமூச்சு விட்டார். தாலி ஏறியது, மேளம் முழங்கியது.

எனக்கு வந்த கோபம்! அவர் கூப்பிடவே இல்லையே, அதற்குள் பதில் சொன்னால் அது என்ன விளையாட்டு? “மாமி அளாப்பிப்போட்டா, இது கள்ள விளையாட்டு!” என்று பந்தியில் பாயசத்தைத் தள்ளிவிட்டு அழுதேன். அம்மா என்னைக் கட்டிக்கொண்டு சிரித்தார், பிறகு அவரும் அழுதார்.

மாமா பெண் வீட்டோடு போய்விட்டார். வேலிக்கு அப்பால் எப்போதாவது ‘ஓய்’ கேட்கும்; நான் ஓடிப்போவதற்குள் பதிலும் கேட்டுவிடும். பிறகு அதுவும் நின்றது. மாமாவுக்கு என்மேல் என்ன கோபமோ என்று நெடுநாள் கவலைப்பட்டேன்.