தைப்பூசத்துக்கு முதல் நாள் குறைத்த திருகு

தொண்ணூறுகளில் பட்டர்வொர்த் மாக் மண்டின் தொழிற்பேட்டையில் எனக்குக் காற்றை அளக்கும் வேலை. தொழிற்சாலைகளுக்கு நடுவே ஒரு தகரக் கொட்டகை, அதற்குள் கந்தகப் புகையை அளக்கும் மெசின். அளவு தெரிந்த வாயு அடைத்த சிலிண்டர் ஒன்று பக்கத்திலேயே நிற்கும். வாரம் ஒருமுறை அதைத் திறந்து மெசினுக்குள் விடுவேன். சிலிண்டரின் சீட்டில் எழுதியிருக்கும் எண்ணை மெசின் காட்ட வேண்டும். காட்டாவிட்டால் திருகைத் திருப்பிச் சரிக்கட்ட வேண்டும்.

புது சிலிண்டர் வந்தால் ஒரு வழக்கம் உண்டு. பழையதைத் திருப்பி அனுப்புமுன் இரண்டையும் மாற்றி மாற்றி விட்டுப் பார்ப்போம், ஏனென்றால் சீட்டும் பொய் சொல்லும். அந்த வருடம் சிலிண்டர் வந்தது தைப்பூசத்துக்கு முதல் நாள். எனக்கோ எதிர்த் தீவில் ரதம் பார்க்கப் பெர்ரியைப் பிடிக்கும் அவசரம். பழையதை லாரியில் ஏற்றிவிட்டுப் புதியதைத் திறந்தேன். மெசின் சீட்டைவிட அதிகமாகக் காட்டியது.

"சனியனே, நல்ல நாள்லயா உனக்குக் கிறுக்குப் பிடிக்கணும்!" என்று திட்டிக்கொண்டே திருகைக் குறைத்துவிட்டுக் கிளம்பினேன்.

கொட்டகைக்குப் பின்வரிசையில்தான் என் அக்கா வீடு. அவளுக்கு ஆஸ்துமா. அதற்குப் பிறகு போகும்போதெல்லாம் கேட்பாள்.

"தம்பி, தொண்டை எரியுதுடா. புகை கூடிருச்சா?"

"மெசின்ல எல்லாம் கம்மிதான்க்கா. சும்மா பயப்படாதே லா."

தீவில், கெலுகோரிலுள்ள மாமா வீட்டில் கொஞ்ச காலம் போய் இருக்கலாம் என்று பெட்டி கட்டியவள், என் பேச்சைக் கேட்டு நின்றுவிட்டாள். அந்த வரிசையில் இருமல் கேட்காத வீடு இல்லை. எனக்கும் காது இருந்தது. ஆனால் நான் எண்ணைத்தான் நம்பினேன்.

சித்திரை பிறந்ததும் அடுத்த சிலிண்டர் வந்தது. இந்த முறை ஒழுங்காக இரண்டையும் விட்டுப் பார்த்தேன். ஒத்துப்போகவில்லை. எது பொய்? பல்கலைக்கழகத்திலிருந்து மூன்றாவதாக ஒன்றை இரவல் வாங்கிவந்தேன். புதியதும் இரவலும் ஒத்துப்போயின. தைப்பூசத்துச் சிலிண்டரில் மட்டும் வாயு சீட்டில் போட்டதைப்போல் இரண்டு மடங்கு இருந்தது. அன்றைக்கு மெசின் உண்மையைத்தான் காட்டியிருக்கிறது. அதன் வாயை அடைத்தது நான். இத்தனை நாளும் காற்றிலிருந்த புகையில் பாதியைத்தான் எழுதி வந்திருக்கிறேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

அக்கா வீட்டுக்கு ஓடினேன். நாற்காலியில் முன்னால் குனிந்து உட்கார்ந்து இரைத்துக்கொண்டிருந்தாள். பக்கத்து வீட்டுப் பெண்கள் நாலைந்து பேர் சுற்றி நின்று, பாக்டரிக்குச் சண்டைக்குப் போக அவளையும் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

"இதோ, என் தம்பியே வந்துட்டான்," என்றாள் அக்கா, வார்த்தைக்கு வார்த்தை மூச்சு வாங்கி. "நான் சொன்னா நம்ப மாட்றாங்கடா. காத்து நல்லாதான் இருக்குன்னு நீயே சொல்லு."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

"இல்லக்கா. பூசத்துலேர்ந்து நான் சொன்னது எல்லாமே தப்பு."

திட்டத்தான் வாயைத் திறந்தாள். அதற்கு மூச்சுப் போதவில்லை.