டொல்பினுக்குப் பின்னால்

மாம்புரி ஜவுபருக்குக் கோபம் எப்போதும் மூக்கு நுனியில்தான் இருக்கும். என்ஜின் நின்று அவருடைய மீன்படகு நடுக்கடலில் கிடந்த அன்று அது தலைக்கேறியது. டொல்பின் பார்க்கப் பயணிகளை ஏற்றிவந்த படகொன்று கிட்டவே வந்தது. ஜவுபர் தன் சிவப்புச் சட்டையைக் கழற்றித் தலைக்கு மேலே வீசினார். படகிலிருந்த அத்தனை பேரும் அவர் பக்கமே பார்த்தார்கள். பார்த்துவிட்டுப் போய்விட்டார்கள். பின்னேரம் வேறொரு மீன்படகுதான் அவரைக் கரைக்கு இழுத்து வந்தது.

மறுநாள் விடியற்காலை சுபஹுத் தொழுகை முடிந்த கையோடு, அந்தப் பயணிகள் படகை ஓட்டிய ஹஸ்மியின் வாசலில் போய் நின்றார்.

“மொகத்துக்கு நேரே பாத்துட்டுத்தானே போனாய். நான் மனுசனில்லையா?”

“அல்லாஹ் மேல சத்தியமா நான் காணல்ல நானா. அந்த நேரம் டொல்பின் பாய்ஞ்சது. எல்லாரும் அதத்தான் பாத்த. இந்தா, படமும் ஈக்கிது.”

படத்தில் டொல்பின் அந்தரத்தில் நின்றது. அதன் வாலுக்குப் பின்னால், சட்டையை வீசிக்கொண்டு ஜவுபர் நின்றார்.

“அப்ப இது ஆருடா, ஒன்ட வாப்பாவா?”

ஹஸ்மி படத்தைப் பெரிதாக்கி உற்றுப் பார்த்தான்.

படத்தைத் தன் போனுக்கு வாங்கிக்கொண்டு, கண்ணிருந்தும் குருடன்கள் என்று வழி நெடுக ஏசியபடி ஜவுபர் வீட்டுக்கு வந்தார். முந்தின நாள் முழுக்கக் கரையில் நின்று, அவர் வருகிறாரா என்று கடலையே பார்த்துக்கொண்டிருந்தவள் மனைவி மர்ளியா. அவளிடம் போனை நீட்டினார்.

மர்ளியா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தாள்.

“என்ன வடிவாப் பாயுது,” என்றாள்.

ஜவுபர் அன்று அந்த வீட்டில் தேத்தண்ணீர் குடிக்கவில்லை.