காலி பாட்டில் வந்துச்சா?

சோடா விற்க யாரால் வேண்டுமானாலும் முடியும். குடித்துவிட்டுப் போட்ட பாட்டிலைத் திரும்ப வாங்குகிறவன்தான் சோடா கம்பெனிக்காரன். பக்கத்து வீட்டுக்கு டிபன் கேரியர் கொடுத்துவிட்டு, எப்போது வரும் என்று வாசலையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்த அனுபவம் உங்களுக்கு உண்டா? அப்படியானால் நீங்கள் என் கட்சி. உட்காருங்கள், என் வயிற்றெரிச்சலைக் கேளுங்கள்.

வளர்ந்த கதை

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் மேற்குத் தாம்பரத்தில் நானும் என் மனைவியின் தம்பி செல்வராஜும் இஞ்சி சோடா போட்டுக்கொண்டிருந்தோம். ஸ்டேஷனைச் சுற்றி நாலு தெருவுக்கு விற்று நிம்மதியாக இருந்தோம். மச்சானுக்கு அது பொறுக்கவில்லை. புது மிஷின் வந்தது, வேன் வந்தது, அஸ்தினாபுரம், கோவளம் என்று ரூட் போட்டான். புது பாட்டிலுக்கு வைத்திருந்த காசையும் மிஷினே விழுங்கிவிட்டது. கடைசியில் காட்டாங்குளத்தூரில் ஒரு காலேஜ் கேன்டீனும் கிடைத்தது. அது நிலைத்தால் பிழைத்தோம். போனால் மிஷினை இரும்புக் கடையில் போட வேண்டியதுதான்.

கேன்டீன் மேனேஜர் முதல் நாளே கறாராகச் சொல்லிவிட்டார்: "ஒரு திங்கக்கிழமை லோடு வரலைன்னாலும் அவ்ளோதான் சார். பெரிய கம்பெனிக்காரன் ஓசியில ஃப்ரிட்ஜ் தரேன்னு வாசல்லயே நிக்கிறான்."

காலி பாட்டில் பற்றிப் பேச நான் வாய் திறந்தேன். மச்சான் என் காலை மிதித்தான். வெளியே வந்ததும் எனக்குப் பாடம் எடுத்தான்.

"புரொபசருங்க வந்து போற இடம் மாமா. அங்க போய் காலி பாட்டில் கேட்டா, நம்மள பழைய பேப்பர்காரன்னு நெனச்சுக்குவாங்க!"

கோவளத்து வாசனை

கோவளத்தில் மீன் ஏலம் முடிந்ததும் எங்கள் சோடா பறக்கும். ஆனால் போன பாட்டிலில் பாதிகூடத் திரும்பாது. கடை வைத்திருந்த அக்காவிடம் சண்டைக்கே போனேன். அவர் உள்ளே போய் இரண்டு கை கொள்ளாமல் பாட்டில் கொண்டுவந்து வைத்தார். சந்தோஷமாக ஒன்றை எடுத்து மோந்து பார்த்தேன். கிருஷ்ணாயில்! இன்னொன்றில் மீன் எண்ணெய். எத்தனை சோடா உப்பு போட்டுக் கழுவினாலும் போகாது. தலையில் அடித்துக்கொண்டேன். அக்கா கொஞ்சமும் அசரவில்லை.

"பாட்டில் கேட்ட, குட்த்தேன். மோந்து பாருன்னு நானா சொன்னேன்? ரொம்ப பேஜார் பண்ற சார் நீ."

அஸ்தினாபுரத்து ரோஜாத் தோட்டம்

அஸ்தினாபுரத்துக் கடைக்காரர் கையை விரித்துவிட்டு எதிர் வீட்டைக் காட்டினார். அங்கே ரிட்டயரான சார் ஒருவர், ரோஜாப் பாத்தியைச் சுற்றி எங்கள் பாட்டில்களைத் தலைகீழாகப் புதைத்து வேலி கட்டியிருந்தார். பச்சைக் கண்ணாடி வெயிலில் பளபளக்கிறது. எனக்கு வயிறு பற்றி எரிகிறது. "சார், இது எங்க கம்பெனி பாட்டில்" என்றேன். மனுஷன் கோபப்படவே இல்லை. உட்காரவைத்துக் காபி கொடுத்து, பாத்தியின் மூலையைக் காட்டினார்.

"நல்ல சமயத்துல வந்தீங்க. அந்தக் கார்னருக்குக் கொஞ்சம் பாட்டில் குறையுது. அடுத்த தடவை கொண்டு வர்றீங்களா?"

மச்சானின் மைக்

அப்படி இப்படி அலைந்தும் அந்த வாரம் கேன்டீனுக்குப் போக வேண்டிய திங்கட்கிழமை லோடுக்குப் பாதி பாட்டில்தான் தேறியது. அதை நிரப்பி அடுக்கிவிட்டு ஞாயிறு காலை கையைப் பிசைந்துகொண்டிருந்தேன். மச்சான் என்னைக் கேட்காமலே ஆட்டோவில் மைக் கட்டி அனுப்பிவிட்டான்: "காலி பாட்டில் கொண்டு வாருங்கள், சோடா இலவசம்!"

சர்ச் விட்ட கூட்டம் அப்படியே வந்தது. ஐயோ, எத்தனை பாட்டில்! எனக்குக் கண்ணே கலங்கிவிட்டது. ஆனால் காலியைக் கொடுத்த ஒருவராவது சோடாவை அங்கே நின்று குடிக்க வேண்டுமே! பாட்டிலோடு வீட்டுக்குக் கொண்டு போனார்கள். காலையில் பாதி லோடு சோடா இருந்தது; மத்தியானம் அதே பாதி லோடு காலி பாட்டில் இருந்தது. மறுபடி நிரப்பலாம் என்றால் சிலிண்டரில் கேஸ் இல்லை, ஞாயிற்றுக்கிழமை எவனும் தர மாட்டான். "அட அறிவுகெட்டவனே, என்னடா பண்ணி வெச்சிருக்கே?" என்று கத்தினேன்.

"இன்னா மாமா கத்தறே? ஒரே நாள்ல இவ்ளோ காலி என்னிக்காவது வந்திருக்கா?"

கேன்டீன் கதவு

திங்கட்கிழமை, ஒரு நாள் தவணை கேட்டுக் கெஞ்சலாம் என்று வெறும் வேனோடு கேன்டீனுக்குப் போனோம். புத்தம்புது ஃப்ரிட்ஜ் ஏற்கெனவே வந்து நின்றது. மேனேஜர் என்னைத் திட்டவில்லை, திட்டியிருந்தால்கூடத் தேவலை. பின்பக்க ஸ்டோர் ரூமுக்கு அழைத்துப்போய்க் கதவைத் திறந்தார். உள்ளே முழுக்க எங்கள் பாட்டில்கள். கழுவி, கவிழ்த்து, பெட்டி பெட்டியாக அடுக்கியிருந்தது. நாங்கள் அனுப்பியதில் ஒன்றுகூடக் குறையவில்லை. திரும்பி மச்சானைப் பார்த்தேன். அவன் வெளியே மரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"வாராவாரம் உங்க டிரைவர்கிட்ட எடுத்துட்டுப் போங்கன்னு சொல்றேன் சார். 'காலி எடுக்கறது கம்பெனிக்குக் கௌரவம் இல்ல, ஓனர் ஆர்டர்'ங்கறார்."

அன்றைக்கு வாழ்க்கையில் முதல்முறையாக வேன் கொள்ளாத காலி பாட்டிலோடு தாம்பரம் திரும்பினோம். நிரப்பி அனுப்பத்தான் இடம் இல்லை.