சின்னவன், ஒன்றரை வயது

அறுபதுகளின் தொடக்கத்தில் அப்பா தென்காசியில் ஒரு டாக்டரிடம் கம்பவுண்டராக இருந்தார். மருந்து பாட்டிலில் சீட்டு ஒட்டுகிற பழக்கம் வீட்டிலும் அவரை விடவில்லை. அகலமான நோட்டு ஒன்றில் குடும்பத்து விஷயங்களையெல்லாம் ஒட்டிவைப்பார். கல்யாணப் பத்திரிகை, சித்தப்பா மிலிட்டரியிலிருந்து போட்ட கார்டு, குற்றாலத்தில் சாரல் சமயத்தில் எடுத்த போட்டோ. ஒவ்வொன்றின் கீழும் மருந்துச் சீட்டில் விவரம் எழுதி ஒட்டுவார். சீட்டில் அச்சடித்திருந்த ‘குலுக்கிக் குடிக்கவும்’ என்பதை முதலில் கத்தரித்துவிடுவார். பெரியப்பாவின் கல்யாணப் பத்திரிகைக்குக் கீழே மட்டும் மறந்துவிட்டார். பெரியம்மாவுக்கு அதில் கடைசிவரை வருத்தம்தான்.

எனக்கு ஏழு வயதாக இருந்தபோது தம்பி காய்ச்சலில் போய்விட்டான். ஒன்றரை வயது அவனுக்கு. பண்பொழி திருமலைக் கோயிலில் மொட்டை போடுவதாக நேர்ந்திருந்தார்கள். எங்கள் பக்கத்தில் மொட்டைக்கு முன்னால் ஆண் பிள்ளைக்கும் சடை வைத்து, பூச்சூட்டி, பாவாடை கட்டி ஒரு போட்டோ எடுப்பார்கள். அதற்காகக் காத்திருந்ததில் அவனுக்கு ஒரு போட்டோவும் எடுக்காமலே போயிற்று. அப்பா தன் கையால் கலக்கிக் கொடுத்த மருந்தும் கேட்கவில்லை.

அடுத்த ஆடியில் அருவியில் குளிக்க அத்தை வந்தாள். தம்பிக்குப் பெயர் வைத்த அன்று அவனைப் பார்த்ததோடு சரி. ஐந்தருவியிலிருந்து திரும்பிய மத்தியானம், ஈரத்தலையோடு உட்கார்ந்து நோட்டைப் புரட்டினாள். ஒரு பக்கத்தில் சடையும் பூவுமாக ஒரு குழந்தை. கீழே அப்பாவின் கையெழுத்தில், ‘சின்னவன், ஒன்றரை வயது.’

“ஏலே, இது மொட்டைக்கு முந்தி எடுத்ததா?” என்று அப்பாவிடம் கேட்டு அத்தை கண்ணைத் துடைத்தாள். “நல்லவேளை, இதாவது இருக்கே.”

நான் எட்டிப் பார்த்தேன். எனக்குப் பொறுக்கவில்லை.

“அத்தே, அது தம்பி இல்ல, நாந்தான். அது என் பாவாடை.”

“அக்கா பாவாடையத்தாம்ட்டி தம்பிக்குக் கட்டுவாங்க. சும்மா இரி.”

விடுவேனா? முடியை ஒதுக்கி, தவழ்கிற வயதில் வாசற்படியில் விழுந்து புருவத்துக்கு மேல் வாங்கிய தழும்பைக் காட்டினேன். படத்திலும் அது தெளிவாக விழுந்திருந்தது. அத்தை என்னைப் பார்த்தாள், படத்தைப் பார்த்தாள், பிறகு அப்பாவைப் பார்த்தாள்.

“அவ சொல்லுதது சரிதான் அக்கா,” என்றார் அப்பா. “அவன் படம் ஒண்ணுமில்ல. ரெண்டும் ஒரே சாடைதானேன்னு...”

அவர் என்னை அடித்திருக்கலாம். அடிக்கவில்லை. பஞ்சைத் தண்ணீரில் நனைத்துச் சீட்டின் மேல் வைத்து, ஊறியதும் உரித்தெடுத்தார். வேறொரு சீட்டில் ‘மூத்தவள், ஒன்றரை வயது’ என்று எழுதி ஒட்டினார். வயதை மாற்ற வேண்டியிருக்கவில்லை. வழக்கில் ஜெயித்த பெருமையோடு நான் பக்கத்தில் நின்று, சீட்டு நேராக இருக்கிறதா என்றுகூடச் சரிபார்த்தேன். இன்று நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

அதுவரை அடுக்களையில் இருந்த அம்மா, கையைத் துடைத்துக்கொண்டு வந்து நோட்டின் முன்னால் உட்கார்ந்தாள். அவளுக்கு எழுத்து தெரியாது. படத்தையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் அவள் மடியில் சாய்ந்து, என்னைத்தான் பார்க்கிறாள் என்று சந்தோஷப்பட்டுக்கொண்டிருந்தேன்.